ஹானர் ஃபெல்

டேம் ஹானர் பிரிட்ஜெட் ஃபெல் (மே 22, 1900 – ஏப்ரல் 22, 1986) பிரித்தானிய விலங்கியல் அறிஞரும் உயிரணுவியல் ஆய்வாளரும் ஆவார். உடலிலிருந்து பிரித்தெடுத்த எலும்பையும் குருத்தெலும்பையும் அவற்றின் வடிவமும் தொழிலும் கெடாமல் ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். உறுப்பு வளர்ப்பு எனப்படும் அம்முறையை வெறும் காட்சிப் பொருளாக விட்டுவிடாமல், எலும்பு உருவாவதன் வேதியியலை அளந்தறியும் கருவியாக மாற்றியது இவருடைய சிறப்பாகும். கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தின் இயக்குநராக 1929 முதல் 1970 வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் யார்க்சையர் பகுதியில், ஃபைலி என்னும் கடற்கரை ஊருக்கு அருகில் உள்ள ஃபௌத்தோர்ப்பில் ஹானர் ஃபெல் பிறந்தார். ஒன்பது குழந்தைகளுள் கடைசிக் குழந்தை இவர். தந்தை சிறு நிலக்கிழார்; விலங்குகளிலும் இயற்கையிலும் ஈடுபாடு கொண்டவர். அந்த ஈடுபாடு மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. சிறுமியாக இருந்தபோது ஃபெர்ரெட் என்னும் கீரி போன்ற விலங்கை வளர்த்து வந்தார். பதின்மூன்று வயதில் தம் அக்காவின் திருமணத்திற்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் கூறப்படுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள விச்வுட் பள்ளியில் படித்த பின், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் உள்ள மெட்ராஸ் கல்லூரி என்னும் பள்ளியில் சேர்ந்தார். இப்பெயர் தமிழ் வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். இங்குள்ள சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வகுத்தார். ஊர் திரும்பிய அவர் அதை மெட்ராஸ் முறை என்ற பெயரில் பரப்பினார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1830களில் அவருடைய சொந்த ஊரில் எழுந்ததே மெட்ராஸ் கல்லூரி. தமிழகத்திற்கும் ஃபெல்லுக்கும் வேறு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

எடின்பரோ

1918இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயிலத் தொடங்கி 1922இல் பட்டம் பெற்றார். அங்கு விலங்கு இனப்பெருக்க ஆராய்ச்சித் துறையை நடத்தி வந்த பிரான்சிஸ் குரூ என்பவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். பெட்டையாக இருந்து முட்டையிட்ட கோழிகள் சில வேளைகளில் சேவலாக மாறும் விந்தையைக் குரூ அப்போது ஆராய்ந்து கொண்டிருந்தார். அத்தகைய கோழிகளின் இனப்பெருக்கச் சுரப்பிகளை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, மாற்றம் எந்த உயிரணுக்களில் தொடங்குகிறது என்று அறிவது ஃபெல்லின் வேலை. கோழி அன்று முதல் அவருடைய ஆய்வு விலங்காயிற்று.

இறந்த திசுவைச் சீவிப் பார்ப்பதில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு சீவலும் ஒரு கணத்தின் படமே தவிர, நிகழ்ச்சி அன்று. உயிருள்ள திசுவைத் தொடர்ந்து கவனிக்க வேண்டுமானால் அதை உடலுக்கு வெளியே வளர்க்க வேண்டும். அந்த நுட்பத்தைக் கற்றுவரக் கேம்பிரிட்ஜில் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் என்னும் மருத்துவரிடம் ஃபெல்லைக் குரூ அனுப்பி வைத்தார். எடின்பரோவில் தொடர்ந்து வைத்துக்கொள்ளப் பணியிடம் இல்லாத நிலையில், 1923இல் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் தம்மிடமே உதவியாளராக வருமாறு அழைத்தார். மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நிதியில் ஃபெல் அங்குச் சேர்ந்தார். 1924இல் எடின்பரோவில் முனைவர் பட்டமும், 1932இல் அறிவியல் முதுமுனைவர் பட்டமும் பெற்றார்.

ஸ்ட்ரேஞ்ச்வேஸும் அவருடைய சிறு மருத்துவமனையும்

ஸ்ட்ரேஞ்ச்வேஸ் முடக்குவாதம் என்னும் மூட்டழற்சி நோயின் காரணத்தை அறிவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 1905இல் கேம்பிரிட்ஜில் ஆறு படுக்கைகள் மட்டுமே கொண்ட ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். 1912இல் அது நகரின் எல்லையில் இருந்த புதிய கட்டடத்திற்கு மாறியது. நன்கொடைகளைக் கேட்டுப் பெற்றே அதை நடத்தினார். நோயாளிகளைக் கவனித்தும் நோய்ப்பட்ட மூட்டுகளைச் சேகரித்தும் காரணம் பிடிபடாத நிலையில், உயிருள்ள குருத்தெலும்பும் எலும்பும் எவ்வாறு உருவாகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1920களில் நோயாளிகளைச் சேர்ப்பது நின்று, மருத்துவமனை திசு வளர்ப்பு ஆய்வகமாக மாறியது.

திசு வளர்ப்பு அப்போது இளைய துறை. 1907இல் அமெரிக்காவின் ராஸ் ஹாரிசன் தவளை முளைக்கருவின் நரம்பு இழை உடலுக்கு வெளியே நீள்வதைக் காட்டியிருந்தார். அடுத்து, நியூயார்க்கில் அலெக்சிஸ் கரேல் கோழிக்கருவின் இதயத் துண்டிலிருந்து உயிரணுக்களை ஆண்டுக்கணக்கில் வளர்ப்பதாக அறிவித்துப் பெரும்புகழ் அடைந்தார். தனி உயிரணுக்கள் இறவாமை கொண்டவை என்று கரேல் கருதியது தவறு என்பது 1961இல் லியோனார்டு ஹேஃப்ளிக்கின் ஆய்வுகளுக்குப் பின் தெளிவாயிற்று. எனினும் 1920களில் இச்செய்திகள் நாளிதழ்களில் அடிபட்டன. கடையில் வாங்கிய இறைச்சிக் குழலிலிருந்தும் உயிருள்ள உயிரணுக்களை வளர்த்துக் காட்டி ஸ்ட்ரேஞ்ச்வேஸும் அந்தப் பரபரப்பில் பங்கு பெற்றார்.

1926 டிசம்பரில் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் திடீரென இறந்தார். ஆய்வகத்திற்கு நிலையான சொத்து ஏதும் இல்லை, தலைவரும் இல்லை. அதை மூடிவிடுவதா என்று பொறுப்பாளர்கள் ஆலோசித்தனர். அங்கிருந்த சில ஆய்வாளர்களுள் ஃபெல்லும், கதிர்வீச்சு ஆய்வாளரான ஸ்பியரும் நடந்துகொண்டிருந்த பணியை நிறுத்தக் கூடாது என்று வலியுறுத்தினர். மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நிதியுதவியைத் தொடர்ந்தது. நிறுவனருடைய நினைவாக ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆராய்ச்சி ஆய்வகம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நிறுவனத்திற்கு ஃபெல் இயக்குநரானார். வயது முப்பதைத் தொடவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல் தான் என்பதை நினைவிற் கொண்டால் இந்நியமனத்தின் அருமை விளங்கும்.

கைக்கடிகாரக் கண்ணாடியில் எலும்பு

கரேலின் முறையில் வளர்க்கும்போது உயிரணுக்கள் துண்டிலிருந்து வெளியேறி மெல்லிய படலமாகப் பரவும், பெருகும், ஆனால் தம் தனித்தன்மையை இழந்துவிடும். குருத்தெலும்பின் உயிரணுவும் தோலின் உயிரணுவும் ஒன்றுபோலத் தோன்றும். எலும்பு எவ்வாறு எலும்பாகிறது என்ற கேள்விக்கு இம்முறை விடை தராது. ஃபெல்லுக்கு வேண்டியிருந்தது பெருக்கம் அன்று, வேறுபாடு. துண்டு துண்டாகவே இருக்க வேண்டும். உடலுக்குள் இருப்பதுபோல வளர்ந்து முதிரவும் வேண்டும்.

அதற்கு அவர் பயன்படுத்திய பொருள்கள் எளியவை. கைக்கடிகாரத்தின் மேல் பொருத்துவது போன்ற குழிந்த கண்ணாடி ஒன்று. அதில் கோழி இரத்தத்தின் பிளாஸ்மாவும், முளைக்கருவை அரைத்து எடுத்த சாறும் சில துளிகள். இரண்டும் கலந்ததும் தயிர்போல உறையும். அந்த உறைவின் மேல் எலும்பின் முளையை வைப்பர். கண்ணாடியை மூடியுள்ள தட்டு ஒன்றினுள் ஈரப்பஞ்சின் நடுவே இருத்தி, அடைகாக்கும் கோழியின் உடற்சூட்டை ஒத்த வெப்பத்தில் வைப்பர். சில நாள்களுக்கு ஒருமுறை புதிய உறைவுக்கு மாற்றுவர். காற்று மேலிருந்தும் உணவு கீழிருந்தும் கிடைப்பதால் துண்டு சிதறாமல் முழு உறுப்பாகவே வளரும். பென்சிலின் மருத்துவத்திற்கு வந்தது 1940களில் தான். அதற்கு முன் ஒரு நுண்ணுயிரி விழுந்தாலும் வாரக்கணக்கான உழைப்பு பாழ். கைச்சுத்தம் ஒன்றே காப்பு.

எலும்பின் முளையை எடுப்பது இன்னும் நுட்பமானது. கோழிமுட்டை பொரிக்க 21 நாள்கள் ஆகும். ஐந்து அல்லது ஆறு நாள் அடைகாத்த முட்டையில் உள்ள கருவின் தொடையெலும்பு ஓரிரு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அப்போது அது எலும்பே அன்று, மென்மையான குருத்தெலும்பு. நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய கத்தியாலும் ஊசியாலும் சுற்றியுள்ள தசையை நீக்கி அதைப் பிரிக்க வேண்டும். அவ்வாறு பிரித்த முளை கண்ணாடியில் பல மடங்கு நீண்டது. இரத்த ஓட்டமோ நரம்போ இல்லாமலே தொடையெலும்பின் தண்டும் முனைகளும் ஏறத்தாழ உரிய வடிவில் உருவாயின. எலும்பின் வடிவத்தைத் தீர்மானிக்கும் குறிப்பு பெருமளவு அந்த முளையினுள்ளேயே இருக்கிறது என்பதற்கு இது கண்கூடான சான்றாயிற்று.

நாமக்கல் மாவட்டத்தில் புதுச்சத்திரம், ராசிபுரம் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளைக் கண்டவர்கள் ஒன்றை எளிதில் புரிந்துகொள்வர். இந்த ஆய்வுக்குக் கடையில் விற்கும் முட்டை பயன்படாது. முட்டைக்கோழிப் பண்ணைகளில் சேவல் இல்லாததால் அவற்றின் முட்டைகளில் கரு உருவாவதில்லை. குஞ்சு பொரிப்பகங்களுக்குச் செல்லும் கருவுற்ற முட்டைகளே வேண்டும். கருவுற்ற முட்டை மலிவு; ஆண்டு முழுதும் கிடைக்கும்; கருவின் வயதை நாள் கணக்கில் துல்லியமாக அறியலாம். எலும்பு ஆய்வு நெடுங்காலம் கோழியைச் சார்ந்திருந்ததற்குக் காரணங்கள் இவையே.

ராபிசனுடன் கூட்டாய்வு

லண்டன் லிஸ்டர் நிலையத்தில் உயிர்வேதியியலாளராக இருந்த ராபர்ட் ராபிசன் (1883–1941) 1923இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வளரும் எலும்பில் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி மிகுந்துள்ளது. அது இரத்தத்தில் வரும் கரிமச் சேர்மங்களிலிருந்து பாஸ்பேட்டைப் பிரிக்கிறது. அவ்விடத்தில் பாஸ்பேட் செறிவு கூடுவதால் அது கால்சியத்துடன் சேர்ந்து உப்பாகப் படிகிறது, குருத்தெலும்பு கடினமாகிறது. கருத்து அழகானதே. ஆனால் அந்த நொதி எலும்பிலேயே உண்டாகிறதா, இரத்தத்தின் வழியே வேறெங்கிருந்தோ வந்து சேர்கிறதா என்பது எவருக்கும் தெரியாது. உடலுக்குள் இதைப் பிரித்தறிய வழியில்லை. இரத்தமே இல்லாத இடத்தில் வளரும் எலும்பு ஒன்று வேண்டும். அது ஃபெல்லிடம் இருந்தது.

இருவரும் சேர்ந்து 1929இல் பயோகெமிக்கல் ஜர்னல் இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்று. வளர்ப்பைத் தொடங்கும்போது தொடையெலும்பு முளையில் நொதி ஏறத்தாழ இல்லை. குருத்தெலும்பின் உயிரணுக்கள் பருத்து, எலும்பாவதற்கு முந்தைய நிலையை எட்டும்போது நொதி தோன்றியது. நாள் செல்லச் செல்ல மிகுந்தது. ஆகவே நொதியை ஆக்குவது எலும்பின் உயிரணுக்களே என்பது உறுதியாயிற்று. மறுதலைச் சோதனையும் செய்யப்பட்டது. கோழியின் கீழ்த்தாடையில் உள்ள மெக்கல் குருத்தெலும்பு இயல்பாக எலும்பாவதில்லை. அதை வளர்த்தபோது அது நன்கு வளர்ந்தது, ஆனால் நொதியை ஆக்கவில்லை. அதன் அருகிலேயே உருவாகும் தாடையெலும்போ நொதியை ஆக்கியது. 1930இலும் 1934இலும் வெளிவந்த கட்டுரைகளில் இவ்வாய்வு தொடர்ந்தது.

பாஸ்பட்டேஸ் மட்டுமே எலும்பாதலை முழுமையாக விளக்கிவிடாது என்பதை ராபிசனே உணர்ந்து, உப்பு படிவதற்கு இரண்டாவது செயல்முறை ஒன்றும் தேவை என்றார். பிற்காலத்தில் அந்நொதியின் பங்கு பற்றிய விளக்கம் பல திருத்தங்களுக்கு உள்ளானது. ஆயினும் அந்நொதி பிறவியிலேயே குறைந்தவர்களின் எலும்புகள் சரிவரக் கடினமாவதில்லை என்பது அறியப்பட்ட பின், அடிப்படைக் கருத்தின் வலிமை ஐயத்திற்கு அப்பாற்பட்டதாயிற்று. இன்றும் மருத்துவமனை இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளில் காணப்படும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் இந்நொதியே. வளர்க்கப்படும் உயிரணு எலும்பாக்கும் தன்மை உடையதா என்று அறிய ஆய்வகங்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

இத்தகைய ஆய்வுகளில் நுண்ணிய அளவு பாஸ்பேட்டை அளப்பது இன்றியமையாதது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1925இல் வெளியிட்ட நிற அளவீட்டு முறை, இதற்காக உலகெங்கும் கையாளப்பட்ட முறைகளுள் ஒன்றாகும்.

எலும்புறையும் மூட்டும்

1932இல் ஃபெல் தனித்து வெளியிட்ட ஆய்வு, எலும்பாக்கும் உயிரணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பற்றியது. எலும்பைப் போர்த்தியிருக்கும் எலும்புறையையும், மச்சைக் குழியின் உட்புறத்தே படிந்துள்ள மென்படலத்தையும் கோழிக்கருவிலிருந்தும் இளங்குஞ்சுகளிலிருந்தும் உரித்தெடுத்துத் தனியே வளர்த்தார். பழைய எலும்பின் துணுக்கு எதுவும் இல்லாமலே அவை புதிய எலும்பை உண்டாக்கின. ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் எலும்பாக்கும் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்ப்பதன் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

முறிந்த எலும்பு கூடும்போது எலும்புறை ஏன் காக்கப்பட வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இது உயிரணு அளவிலான விளக்கத்தைத் தந்தது.

ரொனால்டு கேன்டி என்னும் லண்டன் மருத்துவர் உயிருள்ள உயிரணுக்களை நெடுநேர இடைவெளிகளில் படம்பிடித்து அசையும் படமாக்குவதில் வல்லவர். அவருடன் ஃபெல் 1934இல் கோழியின் முழங்கால் மூட்டு உருவாவதை ஆராய்ந்தார். தொடையெலும்பும் கணைக்காலெலும்பும் சந்திக்கும் இடம் கண்ணாடியில் ஓரளவு சரியான வடிவைப் பெற்றது. ஆனால் சிறிது காலத்தில் இரு குருத்தெலும்புகளும் ஒட்டிக்கொண்டன. முளைக்கரு முட்டைக்குள் காலை அசைப்பதால் தான் மூட்டில் இடைவெளி நிலைக்கிறது. கண்ணாடியில் அசைவு இல்லை. வடிவத்தின் தொடக்கம் முளையினுள் இருப்பினும் அதன் நிறைவுக்கு அசைவு தேவை என்பது இதனால் விளங்கியது.

இயக்குநர்

ஃபெல் பொறுப்பேற்றபோது ஆய்வகத்திற்குச் சேமிப்பு என்று சொல்லத்தக்க தொகை இல்லை. ஆண்டுதோறும் மானியம் தேடியே நடத்த வேண்டியிருந்தது. மருத்துவ ஆராய்ச்சி மன்றமும், பின்னர் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையும் உதவின. அவருடைய சொந்த ஊதியமும் ஆராய்ச்சி உதவித்தொகைகளிலிருந்தே வந்தது. 1931 முதல் அரச கழகத்தின் மெசல் ஆய்வாளராகவும், 1941 முதல் ஃபௌலர்ட்டன் ஆய்வாளராகவும் இருந்தார். நிர்வாகப் பொறுப்பைக் காட்டி ஆய்வு மேசையை விட்டு விலகியவர் அல்லர். எலும்புகளைப் பிரிப்பதையும் வளர்ப்பதையும் முதுமை வரை தம் கையாலேயே செய்தார். இயக்குநர்களிடம் இது அரிய பழக்கம்.

1933க்குப் பின் செருமனியில் நாட்சி ஆட்சியால் வேலையிழந்த அறிஞர்களுக்கு ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வகம் அடைக்கலம் தந்தது. கருவளர்ச்சியில் உயிரணுக்கள் இயல்பாகவே இறந்து மறைவதைப் பற்றிய ஆய்வுகளால் அறியப்பட்ட ஆல்பிரட் குளுக்ஸ்மன் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர். இரண்டாம் உலகப்போரின்போது கடுகு வாயு தோலைத் தாக்கும் விதத்தை வளர்ப்புத் திசுவில் ஆராயும் பணி ஃபெல்லுக்குத் தரப்பட்டது.

உயிர்ச்சத்து ஏ

ஃபெல்லின் ஆய்வுகளுள் பரவலாக அறியப்பட்டவை 1950களில் எட்வர்டு மெல்லன்பியுடன் செய்தவை. கணைநோய் உணவுக் குறைபாட்டால் வருவது என்று நாய்களில் நடத்திய சோதனைகளால் காட்டிய மெல்லன்பி, பின்னர் உயிர்ச்சத்து ஏ பற்றி ஆராய்ந்தார். அதை அளவுக்கு மீறிக் கொடுத்தால் விலங்குகளின் எலும்புகள் நலிந்து முறிவதை அவர் அறிந்திருந்தார். உயிர்ச்சத்து நேரடியாக எலும்பைத் தாக்குகிறதா, கல்லீரலையோ சுரப்பிகளையோ கெடுத்து அதன் விளைவாக எலும்பைக் கெடுக்கிறதா என்பது தான் சிக்கல். ராபிசனின் கேள்வியும் இதே அமைப்புடையது என்பதைக் கவனிக்கலாம். விடை தேடிய வழியும் ஒன்றே. வளர்ப்பு ஊடகத்தில் உயிர்ச்சத்து ஏ மிகுதியாகச் சேர்க்கப்பட்டதும், உடலின் வேறெந்த உறுப்பும் இல்லாத நிலையிலும் குருத்தெலும்பின் இடைப்பொருள் கரைந்தது, எலும்பு அரிக்கப்பட்டது. தாக்குதல் நேரடியானதே என்று 1952இல் அறிவித்தனர்.

அடுத்த ஆண்டு வந்த கண்டுபிடிப்பு எவரும் எதிர்பாராதது. கோழிக்கருவின் தோலை அதே உயிர்ச்சத்து மிகுந்த ஊடகத்தில் வளர்த்தபோது, கெரட்டின் படலம் தோன்ற வேண்டிய இடத்தில் சளியைச் சுரக்கும் உயிரணுக்கள் தோன்றின. சிலவற்றில் மூக்கின் உட்புறத்தில் இருப்பது போன்ற நுண்மயிர்களும் இருந்தன. உயிர்ச்சத்தை நீக்கினால் திசு மீண்டும் தோலாகியது. ஒரு திசுவின் போக்கை ஒரு சிறு மூலக்கூறு மாற்றிவிட முடியும் என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய சோதனைகள் அதற்கு முன் மிகச் சிலவே. மெல்லன்பி 1955இல் இறந்தார்.

குருத்தெலும்பு எவ்வாறு கரைகிறது என்ற கேள்வி எஞ்சியது. அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ், பப்பாளிப்பாலில் உள்ள பப்பெய்ன் என்னும் புரதச் சிதைவு நொதியை முயலின் இரத்தத்தில் செலுத்தியபோது அதன் காதுகள் துவண்டு தொங்கியதைக் கண்டிருந்தார். காதின் குருத்தெலும்பு வலுவிழந்ததே காரணம். பப்பெய்னின் விளைவும் உயிர்ச்சத்து ஏயின் விளைவும் வளர்ப்பு எலும்பில் ஒத்திருப்பதை ஃபெல்லும் தாமஸும் 1960இல் காட்டினர். ஆகவே உயிர்ச்சத்து ஏ, உயிரணுவின் சொந்த நொதிகளையே வெளிவிடச் செய்கிறது என்ற கருத்து உருவாயிற்று. டிங்கிள், லூசி ஆகியோருடன் செய்த ஆய்வுகள், கிறிஸ்டியன் டி டூவ் 1955இல் பெயரிட்ட லைசோசோம்களை நோக்கிக் கைகாட்டின. இந்த விளக்கம் முழுமையானது அன்று. குருத்தெலும்பின் அழிவில் உலோகத்தைச் சார்ந்த வேறு புரதச் சிதைவு நொதிகளின் பங்கே பெரிது என்பது பின்னர் அறியப்பட்டது. ஆனால் திசு தன்னைத் தானே அரித்துக்கொள்கிறது என்ற மையக் கருத்து நிலைத்தது.

பிற்கால ஆய்வுகள்

1970இல் இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றதும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ராபின் கூம்ப்ஸின் நோயெதிர்ப்பியல் பிரிவில் சேர்ந்தார். மைக்கேல் ஏபர்கிராம்பி 1979இல் இறக்கும் வரை ஸ்ட்ரேஞ்ச்வேஸ் இயக்குநராக இருந்தார். அவருக்குப் பின் டிங்கிள் பொறுப்பேற்ற பிறகு ஃபெல் பழைய ஆய்வகத்திற்கே திரும்பினார்.

ஸ்ட்ரேஞ்ச்வேஸ் தொடங்கிய முடக்குவாத ஆய்வுக்கு ஃபெல் நேரடியாகத் திரும்பியது இக்காலத்தில் தான். 1977இல் ஜப் என்பவருடன் வெளியிட்ட ஆய்வில் மூட்டுக் குருத்தெலும்பையும், மூட்டின் உட்புறச் சவ்வையும் ஒரே ஊடகத்தில் வளர்த்தார். இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு வைத்தபோதும் குருத்தெலும்பு கரைந்தது. ஆனால் முன்கூட்டியே கொல்லப்பட்ட குருத்தெலும்பு அந்நிலையில் கரையவில்லை. சவ்விலிருந்து வரும் பொருள் குருத்தெலும்பைத் தானே அரிப்பதில்லை, அதன் உயிரணுக்களைத் தூண்டி அவற்றைக் கொண்டே அரிக்கச் செய்கிறது என்பது இதன் பொருள். அப்பொருளுக்குக் கெட்டபாலின் என்று பெயரிடப்பட்டது. ஜெரமி சக்லட்வாலா முதலியோர் அதைத் தூய்மைப்படுத்தியபோது, அது வெள்ளணுக்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-1 என்னும் புரதமே என்பது 1980களில் தெரியவந்தது. இன்டர்லூக்கின்-1இன் செயலைத் தடுக்கும் அனகின்ரா என்னும் மருந்து 2001இல் முடக்குவாதத்திற்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

சிறப்புகளும் மறைவும்

1952இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1963இல் டேம் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அரச கழகத்தின் ஆராய்ச்சிப் பேராசிரியரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இறுதி நோய் வரும் வரை ஆய்வகத்திற்கு வந்துகொண்டிருந்தார். 1986 ஏப்ரல் 22 அன்று, எண்பத்தாறாம் பிறந்த நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு காலமானார்.

ஃபெல்லுக்குப் பின் எலும்பு உயிரணு வளர்ப்பு

ஃபெல்லின் முறை முழு எலும்பை வளர்ப்பது. அதில் பல வகை உயிரணுக்கள் கலந்திருப்பதால், ஒரு வேதிமாற்றம் எந்த உயிரணுவில் நிகழ்கிறது என்று சொல்வது கடினம். 1964இல் வில்லியம் பெக் குழுவினர் எலியின் மண்டையோட்டு எலும்பைக் கொலாஜனேஸ் என்னும் நொதியால் கரைத்து, உயிரணுக்களைத் தனித்தனியே பிரித்து வளர்த்தனர். அதன் பின் எலும்பு உயிர்வேதியியல் பெரும்பாலும் தனி உயிரணுக்களை நோக்கிச் சென்றது. எலும்புப் புற்றுக் கட்டிகளிலிருந்தும் எலியின் மண்டையோட்டிலிருந்தும் தொடர்ந்து பெருகும் உயிரணு வழிகள் உருவாக்கப்பட்டன. தனி உயிரணு பெருகும், அளப்பதும் எளிது. ஆனால் எலும்பின் வடிவம் அதில் இல்லை. ஆகவே உறுப்பு வளர்ப்பு முற்றிலும் வழக்கொழியவில்லை.

சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் பாதிப்பது நெடுநாளாக அறியப்பட்டது. ஃபுளோரைடு எலும்பை ஏன் அளவுக்கு மீறித் தடிக்கச் செய்கிறது என்ற கேள்விக்கு 1983இல் அமெரிக்காவில் ஃபார்லி குழுவினர் ஒரு விடை கண்டனர். கோழிக்கருவின் மண்டையோட்டிலிருந்து வளர்த்த எலும்பு உயிரணுக்களில் சிறிதளவு ஃபுளோரைடைச் சேர்த்தபோது, அவை விரைந்து பெருகின. அல்கலைன் பாஸ்பட்டேஸும் கூடியது. ஃபெல்லும் ராபிசனும் 1929இல் அளந்த அதே நொதி, அதே கோழிக்கரு.

பிளாஸ்மா உறைவில் என்னென்ன உள்ளன என்று துல்லியமாகக் கூற முடியாதது ஃபெல்லின் முறையில் இருந்த பெருங்குறை. 1950களில் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தைச் சார்ந்த ஜான் பிக்கர்ஸ் முதலியோர், ஒவ்வொரு சேர்மமும் அளவும் தெரிந்த செயற்கை ஊடகத்தில் கோழிக்கரு எலும்புகளை வளர்க்க வழி கண்டனர். அவ்வரிசையில் உருவாகி, அதே ஆய்வகத்தின் சில்வியா ஃபிட்டன் ஜாக்சன் திருத்தியமைத்த பி.ஜி.ஜே.பி என்னும் ஊடகம், எலும்பு வளர்ப்புக்காக இன்றும் புட்டிகளில் விற்கப்படுகிறது.